பாதி போட்டுருங்க

டாலர் ஏறுமா, இறங்குமா என்று கேட்டால் பதில் சொல்லாத ஆளே கோயமுத்தூரில் கிடையாது. பேக்கரியில் பப்ஸ் எடுத்து வைக்கிறவர் சொல்வார். கால்டாக்ஸி ஓட்டுகிறவர் உக்கடம் சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் முழு விளக்கமும் தந்துவிடுவார். நான் இன்னும் ஒரு படி மேல். மூன்று நாடுகளின் வட்டி விகிதம், கச்சா எண்ணெய் நிலவரம், அமெரிக்கத் தேர்தல் எல்லாவற்றையும் எடுத்துக்காட்டி, ஆதாரபூர்வமாகத் தவறாகச் சொல்வேன்.

சொல்லவே மாட்டேன் என்று இருந்தவர் ஒரே ஒருவர். டாலர் வாங்கி விற்பதுதான் அவருக்கு வேலை.

ஒரு வங்கியின் முதல் மாடியில், அந்நியச் செலாவணிப் பிரிவில், ஏசிக்கு நேர் கீழே அவர் இடம். ஐம்பதைத் தாண்டிய வயது. குளிருக்குப் புடவைத் தலைப்பை ஒரு தோளில் மட்டும் போர்த்தியிருப்பார். கரண்ட் போனால் வேர்க்குமே, அதற்காக இன்னொரு தோள். பெருந்துறைப் பக்கம் சொந்த ஊர், குடியிருப்பு சிங்காநல்லூர். பம்பு விற்கிறவர்கள், பனியன் விற்கிறவர்கள், வெளிநாட்டுப் பஞ்சு வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் அவர் டாலரக்காதான். காலை பத்து மணிக்கு மேல் அந்த மாடிப்படியில் கேட்கும் உரையாடல் ஒன்றே ஒன்று.

“ஏனுங்க்கா, டாலரு ஏறுமுங்களா?”

“தெரியாதுங்க. பாதி போட்டுருங்க.”

இதை விளக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வரப்போகிற டாலருக்கு இன்றைக்கே வங்கியோடு ஒரு விலை பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்தபின் ரூபாய் விழுந்தால், “அடடா, காத்திருந்தால் இன்னும் கிடைத்திருக்குமே” என்று இருக்கும். பதிவு செய்யாமல் விட்டு ரூபாய் எழுந்தால், “அடடா, அன்றைக்கே போட்டிருக்கலாமே” என்று இருக்கும். வருகிற டாலரில் பாதிக்கு மட்டும் பதிவு செய்தால் எது நடந்தாலும் பாதி அடடாதான்.

“முழு வயித்தெரிச்சலோட யாரும் இந்தப் படியில எறங்கக் கூடாதுங்க. அரை வயித்தெரிச்சல்னா மோர் குடிச்சா அடங்கிப் போயிரும்” என்பார்.

இது அவருக்குத் தொழில் யோசனை மட்டுமில்லை, சுபாவமே அப்படி. பப்ஸ் வாங்கினால் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைப்பார். ஊருக்குப் போகும்போது அவரும் மகளும் ஒரு பஸ், கணவரும் மகனும் அடுத்த பஸ். மகள் கல்யாணத்துக்கு நகையைப் பாதி முன்கூட்டியே வாங்கினார். மீதியைக் கடைசி மாதம் வாங்கினார். நடுவில் தங்கத்துக்கு இறக்குமதி வரி ஏறிவிட்டது. ஊரே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்ட அந்தச் சமயத்தில் அவர் பாதி அடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று, “பையனப் புடிச்சிருக்குதுங்களா?” என்று தரகர் கேட்டாராம். “இன்னிக்குப் பாதி புடிச்சிருக்குதுங்க. மறுக்கா வரச் சொல்லுங்க, பாக்கலாம்.” மறுபடி வந்தார்கள். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் இன்றுவரை மாமியார் முன்னால் ஒரு சந்தேகம் இருப்பதாகக் கேள்வி.

சிரித்துக்கொண்டே இதை எழுதுகிறேனே ஒழிய, பழகப் பழக எனக்கு இது கொஞ்சம் அச்சமாகவும் இருந்தது. எதையும் முழுதாக நம்பாத ஒரு மனுஷியிடம் நாம் எப்படி முழுதாகப் பேசுவது? ஒரு தடவை கேட்டேவிட்டேன். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

“எங்கப்பா மஞ்சக் காடு வெச்சிருந்தாருங் சார். வெலை ஏறும் ஏறும்னு மூணு வருசம் அத்தன மூட்டையையும் ஊட்டுக்குள்ளயே அடுக்கி வெச்சிருந்தாரு. நாங்கெல்லாம் மூட்டை மேலதான் படுப்போம். கடைசில வெலையும் எறங்கிப் போச்சு, மஞ்சளும் உளுத்துப் போச்சு. இந்தாங்க, இங்கொரு கையெழுத்துப் போடுங்க.”

அவ்வளவுதான். 

நான் யார் என்று சொல்ல மறந்துவிட்டேன். சிங்காநல்லூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஏற்றுமதி மேலாளர். அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. கம்பெனியிலிருந்து வங்கிக்குக் காகிதம் கொண்டுபோவதும், வங்கியிலிருந்து கம்பெனிக்குக் காகிதம் கொண்டுவருவதும் வேலை. மீதி நேரத்தில் பொருளாதாரப் புத்தகங்கள் படித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது. டாலரக்காதான் அகப்பட்டார்.

“வளரும் நாடுகளின் நாணயம் ஏன் இப்படி ஆடுகிறது தெரியுமா?” என்று ஆரம்பிப்பேன்.

“ஒறம்பரைக் காசுங்க” என்பார்.

ஒறம்பரை என்றால் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள். வெளிநாட்டுப் பணம் நம் பங்குச்சந்தைக்கு வருவது விருந்துக்கு வருவதைப் போல என்பது அவர் சித்தாந்தம். கறிச்சோறு இருக்கும்வரை இருப்பார்கள். அமெரிக்காவில் வட்டி ஏறப்போகிறது, அங்கே பந்தி போடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் பாதி இலையில் எழுந்து கை கழுவிவிடுவார்கள். எங்கோ தென்னமெரிக்காவில் ஒரு நாடு தடுமாறினால்கூட நம் வீட்டிலிருந்தும் நாலு பேர் கிளம்புவார்கள். அவர்களுக்கு எல்லா ஏழை வீடும் ஒரே வீடுதான். போகிறவர்கள் எல்லாரும் ரூபாயைப் போட்டுவிட்டு டாலரைக் கேட்டால் ரூபாய் விழாமல் என்ன செய்யும்?

“அதோட நம்மாளுங்க இருக்கறாங்கல்லங்க” என்று குரலைத் தாழ்த்துவார். “ரூபா எறங்குதுன்னதும், டாலர் வர வேண்டியவங்க ‘மெதுவா அனுப்புங்க’ன்னு போன் பண்றாங்க. டாலர் கட்ட வேண்டியவங்க ‘இன்னிக்கே குடுங்க’ன்னு ஓடியாறாங்க. எறங்கும் எறங்கும்னு எல்லாரும் காத்திருக்கறதுனாலயே எறங்குதுங்க.”

நான் இருநூறு பக்கத்தில் படித்தது இது.

மத்திய வங்கிக்கு அவர் வைத்த பெயர் பம்பாய்க்காரங்க. சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். “பம்பாய்க்காரங்க நேத்துக் கொஞ்சம் டாலர் வித்துருக்காங்க போல.” கையிருப்பை எல்லாம் விற்று ரூபாயை அப்படியே நிறுத்தினால் ஒருநாள் கஜானா காலி. அப்படியே விழ விட்டால் பெட்ரோல் முதல் பாமாயில் வரை விலை ஏறும். வட்டியை ஏற்றினால் ஓடுகிற பணம் கொஞ்சம் நிற்கும். எங்கள் ஊர்த் தறியும் லேத்தும் கூடவே நின்றுவிடும். ஆகவே அவர்கள் கொஞ்சம் விற்பார்கள், கொஞ்சம் விழ விடுவார்கள், வட்டியைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், தங்கத்தின் மேல் ஒரு வரி போடுவார்கள், வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களிடம் “டெபாசிட் போடுங்கள், நல்ல வட்டி தருகிறோம்” என்று நயந்து கேட்பார்கள். டாலரக்காவுக்கு இதில் பரம திருப்தி.

“அவங்களும் நம்மளாட்டந்தானுங்க. பாதி புடிக்கறாங்க, பாதி உடறாங்க.”

எங்கள் கம்பெனிக்கு முதலாளிகள் இருவர். பெரியவர், சின்னவர். கூடப்பிறந்த அண்ணன் தம்பி. பெரியவர் பம்பு செய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார், டாலர் வந்தது. சின்னவர் அதே கம்பெனியின் நூல்மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து பஞ்சு வாங்கினார், டாலர் போனது. இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டிருந்ததால், ரூபாய் விழுந்தாலும் எழுந்தாலும் எங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இது எங்கள் சாமர்த்தியம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் அது எதனால் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகையில் சின்னவர் பெயர் பெரியவரின் மைத்துனர் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அவ்வளவுதான். பாகம் பிரிப்பது என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்துச் சண்டை சத்தமில்லாத சண்டை. அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். நடுவில் உட்கார்ந்த பெரிய மனிதர் மூலம் மரியாதை குறையாமல் பேசுவார்கள். வழக்கப்படி மூத்தவர் பிரிக்க, இளையவர் முதலில் எடுக்க வேண்டும். நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் தராசில் வைத்தாற்போல் சமம்; பம்பு ஒரு பங்கு, மில் ஒரு பங்கு.

“தம்பி மொதல்ல எடுத்துக்கட்டுமுங்க” என்றார் பெரியவர், சுவரைப் பார்த்து.

“அண்ணன் இருக்கறப்ப நான் எப்புடிங்க எடுக்கறது? அவிய எடுத்துக்கட்டுமுங்க” என்றார் சின்னவர், சன்னலைப் பார்த்து.

மூன்று சுற்று இப்படிப் போயிற்று. ஜென்மப் பகையிலும் மரியாதையில் தோற்க யாரும் தயாராக இல்லை. நாலாவது சுற்றில் பெரியவர் பம்பை எடுத்துக்கொண்டார்.

ஏன் பம்பு என்று எனக்கு மட்டும் தெரியும். முந்தின வாரம் காரில் போகும்போது, இன்னும் இரண்டு மாதத்தில் ரூபாய் பலமாக விழும் என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஏழு காரணங்கள் சொன்னேன். ரூபாய் விழுந்தால் டாலர் வருகிறவருக்கு லாபம், டாலர் கட்டுகிறவருக்குத் தலைவலி. அவர் சன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

என் வாழ்நாளில் பலித்த ஆரூடம் அது ஒன்றுதான். பாகம் பேசி முடித்து, பத்திரம் எழுத நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்க மத்திய வங்கி பணம் இறைப்பதைக் குறைக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னது. குறைக்கவில்லை. யோசித்தது, அவ்வளவே. ரூபாய் படியில் உருண்ட குடத்தைப் போல இறங்கியது. பெரியவர் முகத்தில் தேஜஸ் கூடிக்கொண்டே போயிற்று. சின்னவருக்குக் கப்பலில் பஞ்சு வந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்தில் டாலராகக் கட்ட வேண்டும். அண்ணனின் டாலர் இல்லாமல் வெளிச்சந்தையில் வாங்கிக் கட்டினால் மில் ஒரு ஷிப்டை நிறுத்த வேண்டிவரும். அது முந்நூறு பேரின் வேலை. அதைவிட மோசமாக, “அண்ணனுக்கு இது முன்னமே தெரிஞ்சுதான் எடுத்தாரு” என்று சின்னவர் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு உண்மை என்பதுதான் அதில் உள்ள சங்கடம். நான் இரண்டு வீட்டுப் பக்கமும் போகாமல் இருந்தேன்.

பொது டாலர் கணக்கை மூடுவதற்கு இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. டாலரக்கா மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. நடுவில் ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் நான் நின்றேன்.

டாலரக்கா படிவத்தை எடுத்தார், படித்தார், திரும்ப வைத்தார்.

“ஏனுங்ணா, தோட்டத்தப் பாகம் பிரிச்சா கெணத்த என்ன பண்ணுவீங்க?”

“கெணறு பொதுவுங்க அம்மணி. ஆளுக்கு மூணு நாள் முறை வெச்சுத் தண்ணி எறைப்போம்” என்றார் பெரியவர்.

“நடுவுல செவுரு வெச்சு ரெண்டாப் பிரிக்க மாட்டீங்களா?”

“அதெப்புடிங்க? ரெண்டு பேருக்கும் தண்ணியில்லாமப் போயிருமே.”

“அப்ப இதுக்கு மட்டும் எதுக்குங்க செவுரு? பஞ்சுக் காசு கட்டி முடியற வரைக்கும் பத்திரம் எழுதாதீங்க. கம்பெனி ஒண்ணாவே இருக்கட்டும். உங்க டாலர்ல இவரு பஞ்சு வரட்டும், பாகம் பேசுன அன்னிக்கு இருந்த வெலைக்கு.”

பெரியவருக்கு நாற்காலி சுட்டது. பாகம் பேசிய அன்றைய விலை என்றால், அதற்குப் பிறகு ஏறிய லாபம் அத்தனையும் போயிற்று.

“நியாயந்தானுங்க. வேணும்னா பாதி டாலரு குடுக்கறேன்” என்றார். கேட்பது யாரிடம் என்று தெரிந்து கேட்டதாகவே எனக்குப் பட்டது.

“இதுல பாதி கெடையாதுங்ணா.”

அந்த மாடியில் அதுவரை யாரும் கேட்டிராத வாக்கியம் அது. பக்கத்து மேஜைக்காரர் கால்குலேட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் அம்மணி, ஊருக்கெல்லாம் பாதி சொல்றீங்க?”

“வெளியாளோட பண்றப்பப் பாதிங்ணா. இது ஒரே ஊட்டுத் தண்ணி.”

பெரியவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “டாலரு இன்னும் ஏறுமுங்க அம்மணி. நம்ம மேனேஜரு அப்பவே சொன்னாப்புடி.”

சொல்லிய பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. சின்னவர் மெதுவாகத் திரும்பி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பல மாதங்களில் முதல் முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்தார். டாலரக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னிடம் கேட்டார்:

“ஏனுங் சார், ஏறுமுங்களா?”

என்னிடம் புதிதாகப் பதினோரு காரணங்கள் இருந்தன. அவற்றில் நாலு மிக நல்ல காரணங்கள். முந்நூறு பேரும் இரண்டு வீடும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

“தெரியாதுங்க” என்றேன்.

“போன மாசந் தெரிஞ்சுதேப்பா?” என்றார் பெரியவர், நம்பமுடியாமல்.

“அது தெரிஞ்சு சொன்னதில்லைங்க. வாய்க்கு வந்ததச் சொன்னேன், நடந்துபோச்சுங்க.”

பெரியவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். இந்த ஆளுக்கா மாதச் சம்பளம் கொடுத்தோம் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. பிறகு படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, “பஞ்சு கட்டி முடியட்டுமுங்க” என்றார்.

பஞ்சுக் காசு கட்டி முடிவதற்குள் ரூபாய் இன்னும் விழுந்தது, பம்பாய்க்காரர்கள் வரியும் வட்டியும் டெபாசிட்டுமாக இறங்கிவந்து பிடித்தார்கள், கொஞ்சம் எழுந்தது. பெரியவர் தினமும் காலையில் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், ஆனால் பேச்சு மாறவில்லை. மில்லில் ஷிப்ட் நிற்கவில்லை.

டாலரக்காவுக்குத்தான் சிக்கல் வந்தது. பெரியவர் டாலர் விற்று, சின்னவர் டாலர் வாங்கியிருந்தால் வங்கிக்கு இரண்டு கையிலும் கமிஷன். அது போயிற்று. வங்கியின் வருமானம் குறையும்படி வாடிக்கையாளருக்கு யோசனை சொன்னது ஏன் என்று மேலிருந்து விளக்கம் கேட்டார்கள். “கேட்டாங்க, சொன்னேன்” என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தாராம். பெருந்துறைப் பக்கம் ஒரு கிளைக்கு, நகைக்கடன் பிரிவுக்கு மாற்றினார்கள். போகிற அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பாதி ஊருக்கு மட்டும் சொல்லியிருப்பார், அதில் நான் இல்லை என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பஞ்சுக் கணக்கு முடிந்ததும் கிணற்றில் சுவர் வைக்கும் நாள் வந்தது. அண்ணனும் தம்பியும் மறுபடி மாடி ஏறினார்கள். நான் காகிதத்தோடு பின்னால். டாலரக்கா இருந்த இடத்தில் இரண்டு கணினித் திரைகளோடு ஒரு புது அதிகாரி. நல்ல மனிதர். காபி சொன்னார். படிவத்தை வாங்கிக்கொண்டே, “சரியான நேரத்தில் பிரிகிறீர்கள் சார். டாலர் ஏறும், கண்டிப்பாக ஏறும். பம்பு உங்கள் பக்கம்தானே? ஒரு டாலர்கூடப் பதிவு செய்யாதீர்கள். ஆறு மாதத்தில் பாருங்கள், கண்டிப்பாக” என்றார். திரையைத் திருப்பி, பச்சைக் கோடு ஒன்று மேலே போவதைக் காட்டினார். “கண்டிப்பாக.”

பெரியவர் கோட்டைப் பார்த்தார். காபியைப் பாதியில் வைத்தார். “கொஞ்சம் வெளிய போயிட்டு வாரனுங்க” என்று படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தார். நாங்களும் பின்னால் போனோம். மாடிப்படியின் நடுவில் நின்று என்னிடம் கேட்டார்.

“ஏப்பா, டாலரக்கா இத்தன வருசத்துல ஒருநாளாச்சும் கண்டிப்பான்னு சொல்லீருக்குதா?”

“இல்லீங்.”

“இவரு ஒரு காபி ஆறதுக்குள்ள மூணு தடவ சொல்லீட்டாரு. எனக்கு ஒதறல் எடுக்குது.”

படிவத்தைப் பக்கத்தில் நின்ற தம்பியிடம் நேராக நீட்டினார். “இத வாங்கிக் கிழிச்சுப்...”

அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் சின்னவர் கிழித்து முடித்திருந்தார்.